வேலையும் இல்லை, வக்கீல் வைக்க வசதியும் இல்லையா?

நம் கிராமங்களில் வேலை இழந்த பலர், வரவேண்டிய சம்பள பாக்கியைக்கூட வக்கீல் செலவுக்குப் பயந்து கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடத் தேவையில்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்போர் உள்ளிட்டோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. மற்ற ஏழைகளும் அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்குள் இருந்தால் பெறலாம்.

தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டால் வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். விவரம் கேட்க 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

ஜும்ஆ முடிந்ததும் இதை நம் மஹல்லாவில் அறிவிப்போம். எழுதத் தெரியாதவர்களுக்கு நம் இளைஞர்கள் மனு எழுதித் தரட்டும். உழைத்தவரின் கூலி அவருடைய ஹக். அதைப் பெற்றுத் தருவதில் நமக்கும் பொறுப்புண்டு.