மருந்துகள் சந்திக்கும் இடம்: தாம்பரம் சானடோரியத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தாம்பரம் சானடோரியத்தில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி, வெவ்வேறு வைத்திய சம்பிரதாயங்களைச் சார்ந்த இரண்டு பெரும் ஸ்தாபனங்கள் அருகருகே அமைந்திருக்கின்றன. ஒன்று, டாக்டர் சௌரிமுத்து க்ஷயரோகிகளுக்காக 1928இல் நிறுவி, பிற்காலத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்த ஆரோக்கிய நிலையம். மற்றொன்று, 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறி, வண்டலூர், பெருங்களத்தூர், தாம்பரம் கடந்து இங்கு இறங்கும் ஒருவர், காசநோய்க்கு முன்னதிலும், நெடுநாள் மூட்டுவலிக்கோ அஜீரணத்துக்கோ பின்னதிலும் மருந்து பெறுவதில் வியப்பில்லை. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் வழியே அவர் வீட்டுக்கே வந்துவிடக்கூடும். சளி இருமலுக்குத் தெருமுனை மெடிக்கல் இருக்கவே இருக்கிறது. நான்கு இடங்களிலும் நல்ல மருந்தே கிடைக்கலாம். ஆயினும், அவை ஓருடலில் கூடும்போது என்ன நேர்கிறது என்பதைக் கவனிக்கும் கடமையை நால்வரில் எவரும் நடைமுறையில் ஏற்பதில்லை. மருந்துகளின் பரஸ்பர வினையால் விளையும் தீங்குக்கு அம்மருந்துகளின் குணத்தைக் காட்டிலும் இந்த வெற்றிடமே பெரிய காரணம் என்பது என் துணிபு.

காசநோய்ச் சிகிச்சைக்கு ஆதாரமான ரிஃபாம்பிசினையே எடுத்துக்கொள்வோம். கிருமியைக் கொல்வதோடு நில்லாமல், மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளை வழக்கத்தினும் மிகுதியாக உருவாகச் செய்வது அதன் சுபாவமாதலால், உடன் உட்கொள்ளும் கிளிபென்கிளமைடு, அம்லோடிபின், இரத்தம் உறையாதிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை முதலியவை, முழு அளவில் விழுங்கப்பட்டும், இரத்தத்தில் குறைந்த அளவிலேயே தங்குகின்றன. சர்க்கரை ஏறுகிறது, வைத்தியர் நோயாளியின் பத்தியத்தைச் சந்தேகிக்கிறார், நோயாளியோ ரேஷன் அரிசியைக் குறை சொல்கிறார். 2004 ஏப்ரலில் அரசின் இலவச எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை தொடங்கப்பெற்ற முதல் எட்டு மையங்களுள் ஒன்றான தாம்பரத்தில் இது வெறும் ஏட்டறிவாக இருந்திருக்க இடமில்லை. ரிஃபாம்பிசின் நெவிரபினின் அளவைக் குறைத்துவிடும் என்பதால், இரு நோயும் சேர்ந்தவர்களுக்கு எஃபாவிரன்ஸ் கொடுக்கும் முறை ஏற்பட்டது. இன்று டொலுடெக்ராவிர் உண்போருக்கு, காசநோய்ச் சிகிச்சையின்போது, அதனை நாளுக்கு இருமுறையாகக் கொடுக்கிறார்கள். அறியப்பட்ட வினையை அளவாலும் வேளையாலும் அடக்கிவிட முடிகிறது.

அடக்குவது மட்டுமன்று, உபகாரமாக்கிக்கொள்வதும் உண்டு. திரிகடுகச் சூரணத்தில் சுக்கோடு சேரும் மிளகும் திப்பிலியும் பைப்பரின் என்னும் காரப்பொருளைக் கொண்டவை. அப்பொருள் பல மருந்துகள் உடலில் ஏறுவதை மிகுவித்து, அவை சிதைவதைத் தாமதப்படுத்துகிறது. ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடமும் காடிலா நிறுவனமும் சேர்ந்து இக்குணத்தைப் பயன்படுத்தி, 450 மில்லிகிராம் ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக 200 மில்லிகிராமும், 10 மில்லிகிராம் பைப்பரினும் அடங்கிய ரிசோரின் என்ற மருந்தை 2009இல் வெளியிட்டன. அதே திப்பிலி, ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின் உண்பவரிடத்தில் வேறு விதமாக நடந்துகொள்ளலாம். குணமளிக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகிய அம்மருந்தின் அளவைப் பைப்பரின் உயர்த்துவது பரிசோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. இருமலுக்கு விரும்பப்படும் அதிமதுரம், நெடுநாள் உண்டால் இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரிய ஃபுரோசமைடு உண்பவருக்கு அக்குறைவு இரட்டிக்கும். சுண்ணாம்புச் சத்துள்ள சங்கு பற்பமும் இரும்புள்ள அயச் செந்தூரமும், மருந்தெதிர்ப்புக் காசநோய்க்குத் தரும் லெவோஃப்ளாக்ஸசினோடு ஒரே வேளையில் சேர்ந்தால், இரசாயன நியதிப்படி அதனைக் குடலிலேயே பிணித்துவிடக்கூடும். இதற்குச் சில மணி நேர இடைவெளியே போதிய பரிகாரம். உணவும் விலக்கன்று. ஐசோனியசிட் உண்டுகொண்டிருந்த காசநோயாளிகள், சூரை மீன் தின்றபின் முகம் சிவந்து, தலைவலியும் படபடப்புமாய் அவதியுற்றதை இலங்கையின் நெஞ்சக நோய் வல்லுநர் சி.ஜி. உரகொட 1980இல் எழுதினார். மீனிலுள்ள ஹிஸ்டமினை அழிக்கும் நொதியை அம்மருந்து தடுத்துவிடுவதே காரணம்.

சித்த மரபு இவ்விஷயத்தை அறியாததன்று. சரக்குகளுக்குள் நட்பும் பகையும் உண்டென்று வகுத்து, அனுபானத்தையும் பத்தியத்தையும் சிகிச்சையின் அங்கமாக்கிய மரபு அது. ஆயினும் அதன் அட்டவணையில் ரிஃபாம்பிசின் இல்லை. ஆங்கில வைத்தியத்தின் நூல்களில் சங்கு பற்பம் இல்லை.

இவ்வெற்றிடம் எப்போது தோன்றியது? 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவர்களும் சானடோரியத்தில் தங்கி உண்டவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைவதை 1959இல் நிரூபித்தது. ஏழை நாடுகளின் கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு இதனினும் பெரிய நன்மை வேறில்லை. அதை நான் குறைத்துப் பேசவில்லை. எனினும் சானடோரியத்தின் கட்டிலில் கிடந்தவரின் வாய்க்குள் செல்வது அனைத்தும் ஒரே செவிலியர் கண்ணில் பட்டது. கட்டில் காலியானபோது அந்தக் கண்ணும் போயிற்று. மேற்பார்வை திரும்ப வந்த காலத்திலும், காசநோய் மாத்திரை விழுங்கப்பட்டதா என்றே அது பார்த்தது. அதனோடு வேறெது விழுங்கப்பட்டது என்பதை அரிதாகவே கேட்டது.

‘மற்ற மருந்தெல்லாம் நிறுத்து’ என்று கண்டிப்பதே எளிய வழி என்பாரும் உளர். அக்கண்டிப்பால் நிற்பது மருந்தன்று. அதைப் பற்றி மருத்துவரிடம் சொல்லும் வழக்கமே. ஒரு வாயிலில் திட்டு வாங்கியவர் மறு வாயிலில் வாய் திறப்பதில்லை. ஆதலால் கேள்வியின் தொனியே முதலில் மாறவேண்டும்: ‘நாட்டு மருந்து சாப்பிடுகிறாயா?’ என்ற குற்ற விசாரணைக்குப் பதிலாக, ‘வீட்டில் இருக்கிற மருந்து, சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அடுத்த முறை கொண்டுவாருங்கள்’ என்று சொல்வது போதும். அந்தப் பையைக் கண்டு ஒரே தாளில் எழுதப்படும் பட்டியல் நோயாளியின் கையிலேயே இருந்து, இரு வாயில்களிலும், ஊரப்பாக்கத்து மெடிக்கலிலும் காட்டப்படுமானால், எழுதுபவர் யாராயினும் குற்றமில்லை. கடைக்காரரை இவ்விஷயத்தில் புறக்கணிக்கலாகாது. மருந்துச்சீட்டை ஆராய்ந்து இடைவினைகளைக் கவனிப்பதையும் ஆலோசனை கூறுவதையும் 2015ஆம் ஆண்டு மருந்தக நடைமுறை விதிகள் மருந்தாளுநரின் கடமைகளாகவே வைத்திருக்கின்றன.

அப்பட்டியலை மிக அவசியமாகத் திரும்பப் பார்க்கவேண்டிய தருணம், பலரும் நினைப்பதுபோல் சிகிச்சையின் தொடக்கம் அன்று, அதன் முடிவு. ஆறாம் மாதம் ரிஃபாம்பிசின் நிறுத்தப்பட்டதும், அது மிகுவித்த நொதிகள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. அதுவரை ஈடுகட்டுவதற்காக உயர்த்தப்பட்டிருந்த சர்க்கரை மாத்திரையும் வார்ஃபரினும் குறைக்கப்படாமல் தொடர்ந்தால், முன்னதால் சர்க்கரை அபாயகரமாகத் தாழவும் பின்னதால் இரத்தம் கசியவும் கூடும். குணமாயிற்று என்று கார்டை மூடும் நாளிலேயே, அடுத்த இரு வாரங்களுக்கான சர்க்கரைப் பரிசோதனையும் இரத்தம் உறையும் நேரப் பரிசோதனையும் அதே தாளில் குறிக்கப்படவேண்டும்.