அசதிக்குக் கிடைத்த இடம்

மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெறும் பெண்களின் அசதியும் தூக்கமின்மையும் மருத்துவத்தின் கண்ணில் வெகு தாமதமாகவே பட்டன. உயிரைக் காப்பதே நெடுங்காலம் பெரும்பாடாக இருந்தது.

புதுக்கோட்டைச் சீமையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். குடலில் இருந்த கட்டியை முதலில் சீதபேதி என்றே எண்ணியிருந்தார்கள். அந்தத் துயரத்தில் விளைந்ததுதான் 1954இல் 12 படுக்கைகளோடு திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை.

அன்று மார்பகக் கட்டிக்கு அறுவையும் கதிர்வீச்சுமே முக்கிய வழிகள். அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் திரும்புவது குறையும் என்று மிலான் நகரின் பொனதோனா குழுவினர் 1976இல் காட்டிய பிறகு கீமோ பரவியது. அதோடு கடும் வாந்தியும் வந்தது. 1990களில் ஒண்டான்செட்ரான் வாந்தியைப் பெருமளவு அடக்கியது. அதன் பிறகே அசதி தனியாகக் கவனம் பெற்றது. 1998இல் அதைக் கண்டறியும் வரையறைகள் முன்வைக்கப்பட்டன.

இந்த அசதி வேலை செய்த களைப்பு அன்று. படுத்து எழுந்தாலும் தீராது. மருந்து ஏறிய அடுத்த சில நாட்களில் உச்சத்துக்குப் போகும், பிறகு சற்றுத் தணியும். கீமோ சுற்றுகள் கூடக்கூட உடம்பில் தேங்கும். ரத்தசோகை அதை மோசமாக்கும். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுக்கத் தரும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இரவில் கண்ணை மூட விடாது. சினைப்பை செயல் குன்றி மாதவிலக்கு நின்றுபோனவர்களை உடற்சூடும் வியர்வையும் நடுராத்திரியில் எழுப்பிவிடும். பகலில் நெடுநேரம் கண்ணயர்ந்தால் அடுத்த இரவும் கெடும்.

முன்பெல்லாம் இதற்குச் சொன்ன வழி ஓய்வு ஒன்றே. இன்று, முடிந்த அளவு நடப்பதே அசதியைக் குறைக்கும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நாற்று நட்டும் களையெடுத்தும் பழகிய பெண்கள் அசதியை வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள்; வீட்டில் சிலர் அதைச் சோம்பல் என்கிறார்கள். அது சோம்பல் அல்ல, சிகிச்சையின் விளைவு. கீமோவுக்குப் போகும் பெண் தன் தூக்கத்தைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டாலே சில இரவுகள் நல்லபடி கழியக்கூடும்.