அச்சேறுமுன் ஆசிரியர் உரிமை: தாள்ளபாக்கச் செப்பேடுகள் காட்டும் நெறி

முன்னுரை

ஒரு படைப்பு நூலாக வெளிவருமுன் அதன் ஆசிரியர் இன்னார் என நிலைநாட்டுவது எங்ஙனம் என்னும் வினா அச்சுக்காலத்திற்கு மட்டும் உரியதன்று. திருமலைக் கோயிலில் காக்கப்பெற்ற தாள்ளபாக்கச் செப்பேடுகளை இன்றைய பதிப்புரிமைச் சட்டத்தோடு ஒப்புநோக்கி இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பாடலின் அகத்தே முத்திரை

ஆசிரியர் பெயரைப் பாடலுக்குள் பொதிந்து வைப்பது தமிழ்ப் பக்தி இலக்கிய மரபு. திருஞானசம்பந்தர் திருக்கடைக்காப்பில் தம் பெயரை அமைத்தார். நம்மாழ்வாரும் ஆண்டாளும் இறுதிப் பாடல்களில் தம்மைச் சுட்டினர். வாய்மொழியாகப் பரவும் பாடலுக்கு இதுவே காப்பாயிற்று.

அன்னமாச்சாரியாரின் (1408-1503) தெலுங்குச் சங்கீர்த்தனங்களிலோ முத்திரையாக நிற்பது வேங்கடேசர் பெயர், பாடியவர் பெயரன்று. அவர்தம் மகன் பெத்த திருமலாச்சாரியாரும் பெயரன் சின்ன திருமலாச்சாரியாரும் அம்முத்திரையையே கையாண்டனர். எனவே முத்திரையை மட்டும் கொண்டு மூவருள் ஆசிரியர் எவர் எனத் துணிதல் இயலாது.

பாடலின் புறத்தே சான்று

இக்குறையைச் செப்பேடுகள் நிறைவு செய்கின்றன. பதினாறாம் நூற்றாண்டில் இப்பாடல்கள் செம்பில் பொறிக்கப்பெற்றுக் கோயிலினுள் 'சங்கீர்த்தன பண்டாரம்' என்னும் அறையில் வைக்கப்பெற்றன. அன்னமாச்சாரியார் பதினாறாம் வயதில் பாடத் தொடங்கிய ஆண்டையும் அவர் மறைந்த நாளையும் ஏட்டுக் குறிப்பு உரைக்கிறது. பெயர், காலம், நிலைத்த வடிவம், நம்பகமான காப்பிடம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தமை நோக்கத்தக்கது. பிறர் படியெடுப்பதைத் தடுக்கும் தனியுரிமை இதனால் எழவில்லை. இவை வழிபாட்டுக்கென அமைந்தவை. எனினும் ஆசிரியர் யார் என்பதற்கு இவையே சான்று.

பின்னர் மறக்கப்பட்ட இவ்வேடுகள் 1922 அளவில் மீண்டும் கவனத்திற்கு வந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர்களின் உழைப்பால் அச்சேறின. அன்னமாச்சாரியார் 32,000 பாடல்கள் பாடினார் என்பது அவர்தம் பெயரன் சின்னன்னா இயற்றிய வரலாற்று நூல் தரும் செய்தி. கிடைத்த ஏடுகளில் உள்ளவை அதனினும் மிகக் குறைவு. ஏடுகளில் இல்லாத பாடல்கள் அவர் பெயரால் வழங்கும்போது ஐயம் எழுதல் இயல்பே.

சட்ட நிலை

சித்தூர்ப் பகுதி சென்னை மாகாணத்தில் இருந்த காலத்து 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், நூலைப் பதிவு செய்யாதவர் வழக்குத் தொடர இயலாது. 1914ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிலையை மாற்றியது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி, படைப்பு எழுத்துவடிவம் பெற்ற அளவிலேயே பதிப்புரிமை தோன்றுகிறது. பதிவு கட்டாயமன்று. வெளிவராத நூலையும் கையெழுத்துப் படியுடன் பதிவு செய்யலாம். அப்பதிவேடு வழக்கில் முதல்நோக்குச் சான்றாகும். உரிமையை எழுதிக்கொடுத்த பின்னரும் 'இது என் படைப்பு' எனக் கோரும் உரிமையை 57ஆம் பிரிவு ஆசிரியருக்கே நிலைநிறுத்துகிறது.

முடிவுரை

உரிமையைத் தருவது எழுதும் செயல். அதனை மெய்ப்பிப்பது சான்று. நாளிட்ட கையெழுத்துப் படி, திருத்த வரைவுகள், பிறரிடம் ஒப்படைத்த படிக்கான ஒப்புகை ஆகியவை இன்றைய எழுத்தாளர்க்குரிய செப்பேடுகள் எனலாம். ஆயின் காப்பிடம் மறக்கப்படின் சான்றும் உறங்கிவிடும். சான்றைப் படைத்தலோடு அஃது இருக்குமிடத்தைப் பின்வருவோர் அறியச் செய்தலும் ஆசிரியர் கடமை என்பதைத் திருமலைச் செப்பேடுகளின் வரலாறு உணர்த்துகிறது.