மைசூர் மறைப்பணியும் கன்னட அச்செழுத்தும்

அச்சுப்பொறியும் கிறித்தவ சமயப் பரப்பலும் இணைந்தே வந்தன என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. 1578இல் கொல்லத்தில் என்றிக்கு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அச்சேறியதிலிருந்தே தமிழ் அச்சின் வரலாறு தொடங்குவதால் இவ்வெண்ணம் இயல்பாக எழுகிறது. அண்டையிலுள்ள மைசூர் நாட்டை நோக்கின் இதனைத் திருத்திக்கொள்ள நேரும்.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இத்தாலி நாட்டு இயேசு சபைத் துறவியாகிய லெயொனார்தோ சின்னமி, அந்நாளில் மைசூர் அரசின் தலைநகராக விளங்கிய சீரங்கப்பட்டணத்தில் மறைப்பணி தொடங்கினார். மதுரையில் இராபர்ட் தெ நொபிலி மேற்கொண்ட துறவுக்கோலத்தையே அவரும் ஏற்றார். கன்னடம் கற்று, அம்மொழியில் மறைக்கல்வி நூலும் இலக்கணமும் இயற்றினார். அவை ஏட்டளவிலேயே நின்றன. கன்னடத்திற்கு அன்று வார்ப்பெழுத்து இல்லை. தாமஸ் ஸ்டீபன்ஸின் மராத்திக் காப்பியமாகிய 'கிறிஸ்தபுராணம்' 1616இல் கோவாப் பகுதியில் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டதுபோல் இவற்றையும் அச்சிட்டிருக்கலாமே எனலாம். ஆயின் சீரங்கப்பட்டணத்தில் அவ்வெழுத்தைப் படிப்பார் யார்?

கன்னட அச்சின் தொடக்கமாகப் பொதுவாகக் கொள்ளப்படும் வில்லியம் கேரியின் கன்னட இலக்கணம் சேரம்பூரில் வெளிவந்தது 1817இல்தான். ஏறத்தாழ 170 ஆண்டுகள் அம்மொழியில் மறையுரை கைப்படியாலும் வாய்மொழியாலுமே பரவியது. தமிழின் நிலையும் நாம் எண்ணுமளவு வேறன்று. 1586இல் வந்த 'அடியார் வரலாறு' என்னும் நூலுக்குப்பின் தமிழச்சு நெடுங்காலம் ஓய்ந்தது. 1656இல் மறைந்த நொபிலியின் நூல்கள் அம்பலக்காட்டில் அச்சேறியது 1677ஐ ஒட்டியே. மதுரையில் அவர் வாழ்ந்து பணியாற்றிய காலம் முழுதும் அவருக்குத் துணைநின்றது ஓலையே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

வார்ப்பெழுத்தின் தேவையைத் தவிர்த்த வழியும் ஒன்று பின்னர் வந்தது. 1843இல் பாசல் மிஷனைச் சார்ந்த ஹெர்மன் மோக்ளிங் மங்களூரில் தொடங்கிய 'மங்களூரு சமாச்சார' கல்லச்சில் வெளிவந்தது. கையால் எழுதியதே கல்வழியாகத் தாளில் படிந்தமையால், ஏட்டுக்கும் அச்சுக்கும் இடைப்பட்ட நிலை எனலாம்.

மைசூர் நகரிலோ 1887இல் வெஸ்லியன் மிஷன் 'விருத்தாந்த பத்ரிகே' என்னும் கன்னட வார இதழைத் தொடங்கியது. 'செய்தித்தாள்' என்பதே அப்பெயரின் பொருள். மறைநூலின் பெயரையோ சபையின் பெயரையோ சூட்டாது செய்தியை முன்னிறுத்தியது ஏன்? காசு கொடுத்து வாங்குவோர் அனைவரும் சமயம் நாடி வருபவர் அல்லர் என்பதை நடத்தியோர் அறிந்திருந்தனர் என்பதன்றி வேறு விளக்கம் இக்கட்டுரையாளருக்குப் புலப்படவில்லை.