140-க்கு மேல போனா பொண்ணு

1821 டிசம்பரில் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் லெஜுமோ தெ கெர்காரதெக் என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். லனெக் ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுபிடித்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அந்த மரக்குழாயைக் கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தால், குழந்தை அசையும்போது பனிக்குட நீர் தளும்பும் சத்தம் கேட்குமா என்று பார்க்கத்தான் அவர் ஆரம்பித்தார். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. கைக்கடியாரத்தைக் காதருகில் வைத்ததுபோல் டிக் டிக் என்று ஒன்று கேட்டது. தாயின் நாடியைவிட இரண்டு மடங்கு வேகம். அது குழந்தையின் இதயம்.

கேட்க முடிகிறது என்று தெரிந்ததும் அதிலிருந்து எதையெல்லாம் தெரிந்துகொள்ளலாம் என்று யோசித்தார்கள். குழந்தை உயிரோடு இருக்கிறதா, ஒன்றா இரட்டையா, நலமாக இருக்கிறதா. இவை மருத்துவரின் கேள்விகள். குடும்பத்தின் கேள்வி வேறு, அதற்கும் சீக்கிரமே ஆள் கிடைத்துவிட்டார். 1859-இல் ஜெர்மனியின் யேனாவில் ஃப்ராங்கன்ஹாய்சர் என்பவர், பெண் குழந்தையின் இதயம் வேகமாகவும் ஆண் குழந்தையின் இதயம் மெதுவாகவும் துடிக்கும், அதை எண்ணியே பிறப்பதற்கு முன் சொல்லிவிடலாம் என்று எழுதினார். பிறகு மற்ற மருத்துவர்களும் எண்ணிப் பார்த்தார்கள். நம்பிச் சொல்லும் அளவுக்கு அது சரியாக வரவில்லை. மருத்துவம் அதைக் கைவிட்டது. மக்கள் விடவில்லை.

என் அக்கா கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் நர்ஸ் பிங்க் புத்தகத்தில் 152 என்று எழுதினார். பெரியம்மா புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “நூத்தி நாப்பதுக்கு மேல போனா பொண்ணு, கம்மியா இருந்தா பையன்” என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். யேனா எங்கே, கிள்ளான் எங்கே! என் சீன நண்பன் வீட்டிலும் இதே 140-தானாம். முதல் மூன்று மாதத்துத் துடிப்பை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் பாதிப் பேருக்கு எப்படியும் பலித்துவிடும் ஒரு சோதிடத்தை யாரால் அழிக்க முடியும்?

அக்காவின் புத்தகத்துக்குள் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருந்தது. அதில் தொப்புள்கொடித் தமனி, பி.ஐ. என்று ஓர் எண். பெரியம்மா அதைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. டாப்ளர் என்ற பெயரை நான் பல்கலைக்கழகத்தில் ரேடார் பாடத்தில் படித்தவன்.

கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராகாவில் வாசித்த கட்டுரை இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றியது. நகரும் நட்சத்திரத்தின் ஒளி நிறம் மாறித் தெரியும் என்றார். நட்சத்திரங்களின் நிறத்துக்கு அதுதான் காரணம் என்று அவர் சொன்னது தவறு. ஆனால் அடியில் இருந்த விதி சரி. 1845-இல் ஹாலந்தில் பைஸ் பாலட் அதைச் சோதிக்க ட்ரம்பெட் வாசிப்பவர்களை ரயிலில் ஏற்றினார். பக்கத்தில் நின்றவர்களுக்கு, ரயில் நெருங்கும்போது சுருதி ஏறியும் விலகும்போது இறங்கியும் கேட்டது. டாப்ளரின் நட்சத்திர நிறக் கொள்கையை மறுக்க வந்தவர் அவர். ஒலிக்கு டாப்ளர் விதி பொருந்தும் என்று நிரூபித்துவிட்டுப் போனார்.

ட்ரம்பெட்டுக்குப் பதில் ரத்த அணுக்களை வைத்துக்கொள்ளுங்கள். 1950-களில் ஓசாகாவில் ஷிகேயோ சதோமுரா உடலுக்குள் அல்ட்ராசவுண்டை அனுப்பி, அசையும் இதயத்திலிருந்தும் ஓடும் ரத்தத்திலிருந்தும் திரும்பி வரும் அலையின் மாற்றத்தைப் பதிவுசெய்தார். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அனுப்புகிற ஒலி சில மெகாஹெர்ட்ஸ், மனிதக் காதுக்கு எட்டாதது. ஆனால் ரத்தத்தின் வேகத்துக்கு அதில் ஏற்படும் மாற்றம் சில நூறிலிருந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ், சரியாக நம் காது கேட்கும் எல்லைக்குள். ஸ்கேன் அறையில் கேட்கிற அந்த ‘உஷ் உஷ்’ அலங்காரத்துக்குச் சேர்த்தது இல்லை. அது அந்த மாற்றமேதான், ஸ்பீக்கர் வழியாக.

1977-இல் டப்ளினில் ஃபிட்ஸ்ஜெரால்டு, டிரம் இருவரும் தொப்புள்கொடியில் ஓடும் ரத்தத்தை வயிற்றின் வெளியிலிருந்தே பதிவுசெய்தார்கள். ஆனால் வேகத்தைக் கணக்கிட, அலை எந்தக் கோணத்தில் ரத்தக்குழாயைச் சந்திக்கிறது என்று தெரிய வேண்டும். தொப்புள்கொடியோ முறுக்கிய கயிறு, நீரில் மிதப்பது. எந்தக் கோணத்தை எடுப்பது?

விடை ஏற்கெனவே லண்டனில் இருந்தது. கை கால் ரத்தக்குழாய்களுக்காக காஸ்லிங், கிங் என்ற இருவர் உருவாக்கிய கணக்கு அது. இதயம் அழுத்தும்போது உள்ள உச்ச வேகத்திலிருந்து, அடுத்த துடிப்புக்குச் சற்று முன் உள்ள வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். மேலேயும் கீழேயும் அதே கோணம் இருப்பதால் அது அடிபட்டுப் போகும். அதுதான் பல்சடிலிட்டி இண்டெக்ஸ், சுருக்கமாக பி.ஐ. அளக்க முடியாததை வகுத்தே ஒழித்துவிடுவது, பொறியாளர் புத்தி. அதற்கு ஒரு விலையும் உண்டு. பி.ஐ. வேகத்தைச் சொல்வதில்லை, அலையின் வடிவத்தைத்தான் சொல்கிறது.

அந்த வடிவத்தில் நிறைய இருக்கிறது. தொப்புள்கொடித் தமனி குழந்தையின் ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டுபோகிறது. நஞ்சுக்கொடிக்குள் குழாய்கள் நன்றாகக் கிளைத்திருந்தால், இதயம் ஓய்வெடுக்கும் கணத்திலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும். பி.ஐ. குறைவாக இருக்கும். 20-ஆவது வாரத்தில் 1.2 பக்கம் இருப்பது பிரசவ காலத்தில் 0.8 பக்கம் இறங்குவது இதனால்தான். நஞ்சுக்கொடி கெட்டால் எதிர்ப்பு கூடும், எண் ஏறும். மோசமானால் துடிப்புகளுக்கு இடையில் ஓட்டம் நின்றுவிடும். இன்னும் மோசமானால் ரத்தம் பின்னோக்கிப் போகும். அப்போது குழந்தையை எப்போது வெளியே எடுப்பது என்பதுதான் கேள்வி. ஆபத்துள்ள கர்ப்பங்களில் டாப்ளர் பார்ப்பது சிசு மரணங்களைச் சுமார் 29 சதவிகிதம் குறைக்கிறது என்று சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் ஆய்வு சொல்கிறது.

எண் ஏறியிருக்கிறது என்று சொல்ல, சாதாரணம் எது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் வாரவாரியான அட்டவணைகள். 2005-இல் நார்வேயின் ட்ரோம்ஸோவில் ஆச்சார்யா குழு அப்படி ஒன்றை வெளியிட்டது, பல இடங்களில் பயன்பட்டது. ஆணும் பெண்ணும் கலந்த அட்டவணை. 2018-இல் அதே ஆச்சார்யா இருந்த குழு ஆணையும் பெண்ணையும் பிரித்துப் பார்த்தது. கர்ப்பத்தின் இரண்டாம் பாதியில் பெரும்பகுதி நேரம் பெண் குழந்தைகளின் பி.ஐ. சராசரியாகச் சற்றுக் கூடுதல். கடைசி மாதங்களில் அவர்களின் இதயத்துடிப்பும் சற்று வேகம்.

ஃப்ராங்கன்ஹாய்சர் கல்லறையில் சிரித்திருப்பார். ஆனால் அவசரப்பட வேண்டாம். இது சராசரிகளின் வித்தியாசம். இரண்டு கூட்டமும் ஏறக்குறைய முழுவதும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துகிடக்கின்றன. ஒரு ரிப்போர்ட்டை எடுத்து இது பொண்ணு என்று சொல்லவே முடியாது, பெரியம்மாவே வந்தாலும். இன்னொன்று: துடிப்பு வேகமானால் இடைவேளை குறுகும், பி.ஐ. குறையத்தான் வேண்டும். பெண் குழந்தைக்குத் துடிப்பும் கூடுதல், பி.ஐ.யும் கூடுதல். ஆக வித்தியாசத்தின் காரணம் துடிப்பு இல்லை. பார்வை நஞ்சுக்கொடிப் பக்கம் திரும்புகிறது. நஞ்சுக்கொடியைத் தாயின் உறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் பெரும்பகுதி குழந்தை வளர்ப்பது, குழந்தையின் குரோமோசோம்களைக் கொண்டது. ஆண் குழந்தைக்கு ஆண் நஞ்சுக்கொடி.

பொது அட்டவணையில் என்ன நடக்கும்? நலமாக இருக்கும் பெண் குழந்தை எல்லைக்கோட்டை ஒட்டி வந்து வீணாகப் பயமுறுத்தலாம். சிரமப்படும் ஆண் குழந்தை கோட்டுக்கு உள்ளேயே இருப்பதுபோல் தெரியலாம். ஆண் சிசுவுக்கு ஆபத்து கூடுதல் என்பதோ உறுதியான விஷயம். 3 கோடிக்கும் மேற்பட்ட பிறப்புகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், இறந்து பிறப்பது ஆண்களில் சுமார் 10 சதவிகிதம் அதிகம். வித்தியாசம் சிறியது, அட்டவணையைப் பிரிப்பதால் உயிர்கள் பிழைக்கும் என்று இன்றைக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் பிரித்துப் பார்க்க நியாயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பிரித்தால் எங்கெல்லாம் பயன்படுத்த முடியும்? இங்கே ஸ்கேனில் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள், பேபி ஷவரில் பலூன் நிறமும் முடிவாகிவிடுகிறது. இந்தியாவில் அப்படி இல்லை. ஸ்கேன் பார்த்துப் பெண் சிசுக்களைக் கலைத்த கொடுமையால் 1994-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். சிசு ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வழியிலுமோ தெரிவிக்கக் கூடாது. தேவையான சட்டம், தளர்த்தச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ‘பெண் குழந்தை அட்டவணைப்படி’ என்று ரிப்போர்ட்டில் அச்சடித்தால், அதுவும் தெரிவிப்பதுதானே. எண்ணை உள்ளுக்குள் பிரித்துக் கணக்கிட்டு ‘நார்மல்’ என்று மட்டும் வெளியிட மெஷினுக்குச் சொல்லித்தரலாம், அது ஒரு மதிய வேலை. அப்போதும் ஆணா பெண்ணா என்று யாராவது பார்த்து மெஷினில் பதிவுசெய்ய வேண்டும். சென்னையில் எந்த ஸ்கேன் சென்டர் அந்தப் பெட்டியில் டிக் செய்யும்?