சின்ன பின்னா, பெரிய பின்னா?

கல்யாண மண்டபங்களில் ஒரு காலத்தில் அடிக்கடி காதில் விழுந்த சம்பாஷணை இது.

‘சார், நோக்கியா சார்ஜர் இருக்குமா?’

‘இருக்கு. உங்களுக்குச் சின்ன பின்னா, பெரிய பின்னா?’

2000-களின் நடுவில் நோக்கியா தன் சார்ஜர் முனையை இளைக்க வைத்ததால் வந்த வினை. அதே கம்பெனி, அதே மின்சாரம். ஆனால், புது போனுக்குள் பழைய சார்ஜர் நுழையாது. நடுவில் மாட்டிக்கொள்ள ஒரு சாண் ஒயரைத் தனியாக விற்றார்கள். அது எப்போதும் வீட்டில் இருக்கும். நாம் வெளியூரில் இருப்போம்.

இந்தக் கேள்வி போனோடு நிற்கவில்லை. லேப்டாப்பையும் பிடித்துக்கொண்டது. அதில் ஒரு பின்னின் கதை மட்டும் சினிமா மாதிரி. பிறந்து, புகழடைந்து, இளைத்து, செத்து, ஐந்து வருஷம் கழித்து மறுபடி எழுந்து வந்தது. கதாநாயகன் பெயர் மேக்சேஃப்.

அதற்கு முன்னால் லேப்டாப் சார்ஜர் என்றால் பெரும்பாலும் ஓர் உருண்டைக் குழல். துவாரத்தில் செருகினால் சிக்கென்று பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிதான் ஆபத்து. நடந்து போகிறவர் காலில் ஒயர் சிக்கினால் லேப்டாப்பும் கூடவே மேஜையிலிருந்து குதிக்கும். தரையில் விழாமல் தப்பித்தாலும் துவாரம் ஆட்டம் கண்டுவிடும். அப்புறம் ஒயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வளைத்துப் பிடித்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டால்தான் சார்ஜ் ஏறும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

2006, ஜனவரி 10. சான் ஃபிரான்சிஸ்கோ, மேக்வேர்ல்டு கண்காட்சி. ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேக்புக் ப்ரோவை அறிமுகப்படுத்தினார். அதன் விலாவில் துவாரத்துக்குப் பதில் ஒரு சின்னப் பள்ளம். சார்ஜர் முனையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே காந்தம் ‘டக்’கென்று இழுத்துக்கொள்ளும். காலில் தட்டினால் ஒயர் மட்டும் கழன்று விழும். லேப்டாப் இருந்த இடத்திலேயே இருக்கும்.

யோசனை ஆப்பிளுடைய சொந்தச் சரக்கு என்று சொல்ல முடியாது. ஜப்பானில் வெந்நீர் போடும் மின்சாரப் பாத்திரங்களில் காந்த முனை ஏற்கெனவே உண்டு. குழந்தை ஒயரில் தடுக்கினால் கொதிக்கிற நீர் தலையில் கவிழக் கூடாது அல்லவா? சமையலறை சமாசாரம், லேப்டாப்புக்கு வந்தது.

ஆனால், உள்ளே வைத்திருந்த மூளை புதுசு. முனையில் ஐந்து பின்கள். ஓரத்தில் இருக்கும் இரண்டும் எர்த் பக்கம். அதற்கு அடுத்த இரண்டும் மின்சாரம். நட்டநடுவில் இருப்பது மட்டும் பேச்சுக்கு. இப்படி இரு பக்கமும் சமமாக இருந்ததால் தலைகீழாக மாட்டினாலும் வேலை செய்யும். மாட்டியவுடன் நடுப் பின் வழியாக லேப்டாப் விசாரிக்கும். ‘யார் நீ? எத்தனை வாட்?’ பதில் சரியாக இருந்தால்தான் முழு மின்சாரம் வரும். முனையில் இருக்கும் குட்டி விளக்கை எரிய வைப்பதும் லேப்டாப்தான். ஏறும்போது ஆரஞ்சு, நிறைந்ததும் பச்சை.

45, 60, 85 வாட் என்று மூன்று அளவுகள். பெரிய வாட் சார்ஜரைச் சின்ன லேப்டாப்புக்குத் தாராளமாகப் போடலாம். தேவையானதை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். ஆபீஸில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று ஜனங்கள் வாங்கி வைத்தார்கள்.

குறை இல்லாமலா? ஒயரும் கட்டியும் ஒரே உடம்பு. முனைக்குப் பக்கத்தில் ஒயர் நைந்து போனால் 79 டாலர் கொடுத்து முழு சார்ஜரையும் வாங்க வேண்டும். நிறைய பேருக்கு நைந்தது. அமெரிக்காவில் வழக்கு போட்டார்கள். 2011-ல் ஆப்பிள் சமரசத்துக்கு வந்தது.

இன்னொன்று, இந்த முனையைச் செய்ய ஆப்பிள் வேறு யாருக்கும் உரிமம் தரவில்லை. சான்ஹோ என்ற கம்பெனி மேக்புக்குக்காக வெளி பேட்டரி விற்றது. முனைக்கு என்ன செய்தார்கள்? ஆப்பிளின் அசல் ஒயரையே பயன்படுத்தினார்கள். 2010-ல் அவர்கள் மீதும் காப்புரிமை வழக்கு. கடைசியில் அந்த ஒயர் விற்பனையையே நிறுத்திக்கொண்டார்கள். ஆக, பின்னுக்கு ஒரே ஒரு முதலாளி. அவர் மனசு மாறினால்?

மாறியது.

அதற்கு முன் ஒரு மானிட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2008-ல் ஆப்பிள் 24 அங்குலத்தில் ஒரு சினிமா டிஸ்ப்ளே கொண்டுவந்தது. அதன் முதுகிலிருந்து ஒரு வால் நீளும். வால் நுனியில் மேக்சேஃப். வீட்டுக்கு வந்ததும் மானிட்டரிலேயே லேப்டாப்பை மாட்டினால் சார்ஜும் ஏறும். தனி சார்ஜர் வேண்டாம். அருமையான யோசனை. 2011 ஜூலையில் தண்டர்போல்ட் டிஸ்ப்ளே வந்தது. 27 அங்குலம், 999 டாலர், அதே வால்.

பதினோரு மாசம்கூட ஆகவில்லை. 2012, ஜூன் 11. ரெட்டினா திரையோடு புது மேக்புக் ப்ரோ வந்தது. தடிமன் 1.8 சென்டிமீட்டர். அவ்வளவு ஒல்லியான விலாவில் பழைய முனை உட்காராது என்று மேக்சேஃபை இளைக்க வைத்து அகலமாக்கினார்கள். பெயர் மேக்சேஃப் 2. காந்தம் அதே, ஐந்து பின் அதே, விளக்கும் அதே. வடிவம் மட்டும் வேறு. சின்ன பின், பெரிய பின் கதை மறுபடியும்!

சமாதானத்துக்கு ஒரு குட்டி மாற்றியை விற்றார்கள். கட்டைவிரல் நகம் அளவு, விலை 9.99 டாலர். பழைய சார்ஜர் முனையில் இதை ஒட்டினால் புது லேப்டாப்பில் மாட்டலாம். மாற்றி தொலைந்தால் சார்ஜரும் தொலைந்த மாதிரிதான். 999 டாலர் மானிட்டருக்கும் இதே கதி. அதன் வாலை வெட்டி ஒட்ட முடியாதே! சில மாதங்களில் மானிட்டர் பெட்டிக்குள்ளேயே மாற்றியைப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எதிர்த் திசைக்கு, அதாவது புது சார்ஜரைப் பழைய லேப்டாப்பில் மாட்ட, ஆப்பிள் எந்த மாற்றியும் தரவில்லை. முதலாளி பார்வை எப்போதும் முன்பக்கம்தான்.

ஆப்பிளை மட்டும் திட்டினால் நியாயமில்லை. ஐ.பி.எம். திங்க்பேடுகள் ரொம்ப காலம் 16 வோல்ட் சார்ஜரில் ஓடின. அந்தத் தொழிலை 2005-ல் லெனோவா வாங்கியது. 2006-ல் வந்த டி60 வரிசையில் 20 வோல்ட் ஆனது, முனையும் பெருத்தது. இதில் ஒரு நல்லெண்ணமும் உண்டு. வோல்ட் வேறானால் முனையும் வேறாக இருப்பதுதான் பத்திரம். தப்பான சார்ஜரைச் செருகிப் புகை வரவழைக்க முடியாது. ஆனால், சில வருஷம் கழித்து அதே 20 வோல்ட்டுக்கு முனை செவ்வகமானது. காரணம்? லேப்டாப் இளைத்துவிட்டது.

டெல் வேறு வழி. உருண்டை முனைக்கு நடுவில் ஊசி மாதிரி ஒரு பின். அதன் வழியே சார்ஜர் தன் ஜாதகத்தைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லேப்டாப் ஓடும். பேட்டரியில் மட்டும் சார்ஜ் ஏறாது. அந்த ஊசி வளைந்துபோனால் அசல் சார்ஜருக்கும் அதே மரியாதைதான்.

ஆக, ஒரு முனை பொருந்துகிறது என்றால் மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். வடிவம், வோல்ட், பேச்சு. இதில் எது மாறினாலும் பழைய சார்ஜர் அலமாரிக்குப் போக வேண்டியதுதான்.

2015 மார்ச்சில் ஆப்பிள் 13.1 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மேக்புக் செய்தது. அதில் ஹெட்போன் துவாரத்தைத் தவிர ஒரே ஒரு வாய். யூ.எஸ்.பி. டைப் சி. சார்ஜ், பென் டிரைவ், மானிட்டர் எல்லாம் அதே வழியில். சார்ஜ் போட்டால் பென் டிரைவுக்கு இடமில்லை. இரண்டும் வேண்டுமென்றால் தனியாக 79 டாலர் மாற்றி! 2016 அக்டோபரில் மேக்புக் ப்ரோவும் டைப் சி-க்குப் போனது. மானிட்டரின் பழைய வால் இப்போது நிஜமாகவே சும்மா தொங்கியது. 2019 ஜூலையில் பழைய மேக்புக் ஏரின் விற்பனையை நிறுத்தினார்கள். மேக்சேஃப் 2-க்கு அதோடு காரியம் முடிந்தது.

இதில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம் பெரிசு. டைப் சி எந்த ஒரு முதலாளியுடையதும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம், விற்கலாம். போன் சார்ஜரில் லேப்டாப்பும், லேப்டாப் சார்ஜரில் போனும் ஏறும். நஷ்டம், காந்தம் போச்சு. ஒயரில் கால் பட்டால் லேப்டாப் மறுபடியும் குதிக்கத் தயார்.

வாய் ஒன்றானால் சண்டை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. டைப் சி ஒயர்கள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று 60 வாட் தாங்கும். இன்னொன்று 100 வாட். 60 வாட்டுக்கு மேல் தாங்க முனைக்குள் ‘நான் ஐந்து ஆம்பியர் தாங்குவேன்’ என்று சொல்லும் சில்லு வேண்டும். 2021-ல் விதியைத் திருத்தி 240 வாட் வரை கொண்டுபோனார்கள். கடையில் ஒயர் வாங்கும்போது நீளத்தையும் நிறத்தையும் பார்க்கிற நாம் வாட்டைப் பார்ப்பதில்லை. சார்ஜ் ஆமை மாதிரி ஏறினால் லேப்டாப்பைத் திட்டுகிறோம். முன்பு பொருந்தாத ஒயர் வெளியிலேயே நின்றது. இப்போது உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டு பாதி வேலை செய்கிறது.

2021, அக்டோபர் 18. கதாநாயகன் திரும்பி வந்தான். புது மேக்புக் ப்ரோவில் மேக்சேஃப் 3. பழைய இரண்டோடும் பொருந்தாது. இன்னுமொரு புது பின்னா என்று தலையில் கை வைக்கத் தோன்றும். ஆனால், இந்த முறை இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. ஒன்று, ஒயர் கட்டியோடு ஒட்டிப் பிறக்கவில்லை. அதன் மறுமுனை சாதாரண டைப் சி. நைந்தால் ஒயரை மட்டும் மாற்றலாம். இரண்டு, பக்கத்திலேயே டைப் சி வாய்கள். மேக்சேஃப் ஒயரை ஊரில் மறந்துவிட்டு வந்தால் பக்கத்துச் சீட்டுக்காரரின் டைப் சி சார்ஜரே போதும். முதல் வருஷம் 16 அங்குல லேப்டாப்பில் மட்டும் முழு 140 வாட் வேகம் மேக்சேஃப் வழியாகத்தான் கிடைத்தது. அது ஒரு சின்ன வஞ்சனை.

மறு வருஷம், 2022-ல், ஐரோப்பிய யூனியன் சட்டமே போட்டது. போன், டேப்லெட், கேமரா எல்லாவற்றுக்கும் 2024 டிசம்பர் 28 முதல் டைப் சி கட்டாயம். லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 என்று தேதி குறித்தார்கள். சார்ஜர் இல்லாமல் சாமானை மட்டும் வாங்கும் உரிமையும் வாடிக்கையாளருக்கு உண்டு. கூடவே சொந்தமாக வேறு முனை வைத்துக்கொள்ளத் தடையில்லை; டைப் சி-யும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸும் டைப் சி-க்கான தரத்தை வெளியிட்டிருக்கிறது.

பழைய சாமானை வைத்திருக்கிறவர்கள் முன்னேற்றத்துக்கு எதிரிகள் இல்லை. காந்த முனையை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? 2012-ல் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். பத்து டாலர் மாற்றிக்கு நாம் பணம் கொடுத்தோம். 2021-ல் பொது வாய்க்குப் பக்கத்தில் புதியதை வைத்தார்கள். யாரும் மாற்றி வாங்க வேண்டியிருக்கவில்லை. ‘பதிலாக’ என்பதற்கும் ‘கூடவே’ என்பதற்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது.

அடுத்த தடவை லேப்டாப் வாங்கப் போகும்போது திரை எத்தனை அங்குலம், எடை எத்தனை கிலோ என்று கேட்டுவிட்டு, இதையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

‘எந்த பின், சார்? என் வீட்டில் இருக்கிற சார்ஜரில் ஏறுமா?’