பின்குறிநோக்கியும் காலனிய அவநம்பிக்கையும்: 1857க்குப் பிந்தைய சிப்பாய்த் துப்பாக்கி

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஆராய்வோர் என்பீல்டு துப்பாக்கித் தோட்டாவில் தடவப்பட்ட கொழுப்பைப் பற்றியே பெரிதும் பேசுவர். கிளர்ச்சிக்குப் பின் அத்துப்பாக்கியில் செய்யப்பட்ட மாற்றம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. காலனிய அரசு தன் சிப்பாய்களை எவ்வாறு நோக்கியது என்பதற்கு அம்மாற்றம் நேரடிச் சான்றாகும்.

1853ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம், குழலுக்குள் மூன்று புரிகள் இருந்தன. ஏணி வடிவப் பின்குறிநோக்கியில் இருந்த நகரும் துண்டைத் தொலைவுக்கேற்ப உயர்த்தி, பல நூறு கெசத்துக்கு அப்பாலும் குறிவைக்க முடிந்தது. கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென 1858, 1859 மாதிரிகள் உருவாயின. அவற்றின் குழல் 0.656 அங்குலமாக அகன்றது, புரிகள் மறைந்தன. ஏணிக்குறிநோக்கி இருந்த இடத்தில் அசையாத வெட்டுக்குறி அமைந்தது. வெளித்தோற்றத்தில் அது என்பீல்டாகவே நீடித்தது.

புரியற்ற குழலின் குண்டு ஏறத்தாழ 100 கெசத்துக்கு அப்பால் தனி இலக்கைத் தாக்குவது அரிது. எனவே ஏணிக்குறிநோக்கி பயனற்றுப் போனது என்று வாதிடலாம். ஆயின் அப்பயனின்மை இயல்பாக நேர்ந்ததன்று. புரிகளை நீக்கியதன் விளைவாகும். குறிநோக்கியை மீண்டும் பொருத்துதல் எளிது. அகன்ற குழலில் பழைய புரிகளை மீட்டல் இயலாது. இரண்டையும் ஒருசேர மாற்றியதால், தொலைவைக் கணித்துச் சுடும் திறனே சிப்பாய்க்கு மறுக்கப்பட்டது.

வங்காளப் படையில் ஓர் ஐரோப்பியருக்கு இரு இந்தியர் என்ற விகிதத்தை 1859இல் பீல் ஆணையம் பரிந்துரைத்ததும் இதே அச்சத்தால்தான். 1870களில் பிரித்தானிய வீரர் மார்ட்டினி-ஹென்றியைப் பெற, இந்தியச் சிப்பாய்க்கு முந்தைய தலைமுறைச் சினைடரே கிடைத்தது.

ஆகவே, எஞ்சியுள்ள சிப்பாய்த் துப்பாக்கிகளின் வெட்டுக்குறியை ஆணைய அறிக்கைகளுக்கு நிகரான வரலாற்று ஆவணமாகக் கொள்ளுதல் தகும்.